பாராசூட்டின் உச்சியில் ஒரு ஓட்டை

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எனக்கு வேலை வந்துவிடும். குடை ரிப்பேர். எந்தக் குடை வந்தாலும், கம்பு நுழைகிற உச்சியில் ஒரு வட்டத் துணியை வைத்துத் தைத்துவிடுவேன். முதலில் ஒழுகுவது அங்கேதான். யாரிடமும் கேட்டுக்கொண்டு வைப்பதில்லை. ஆட்களிடம் பேசுவதைவிடத் தைப்பது எனக்கு எளிது.

போன சாரலில் குத்துக்கல்வலசையிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் கடைக்கு வந்தாள். அங்கே ஒரு ஷெட்டில் அவளும் கூட்டாளிகளும் ராணுவத்துக்காக ட்ரோன் செய்கிறார்கள். எதிரி ட்ரோன் வந்தால் இது மேலே போய் வலை வீசி அதைக் கீழே தள்ளும். பிறகு பாராசூட்டை விரித்துக்கொண்டு தான் மட்டும் பத்திரமாக இறங்கும்.

"ஏவுகணை போனா போனதுதான் அண்ணாச்சி. இது திரும்பி வரணும், மறுபடி பறக்கணும். அதுதான் இதுல விசேஷமே" என்றாள்.

சோதனையில் இறங்கும்போது உடைமர முள்ளில் மாட்டிப் பாராசூட் கிழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ராணுவ அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். ஷெட்டில் இருப்பது ஒரே ட்ரோன்தான். எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிழிசலைத் தைத்தேன். திருப்பிப் பார்த்தால் உச்சியில் உள்ளங்கை அளவு ஓட்டை. கம்பே இல்லாத இதற்கு எதற்கு ஓட்டை? அடைக்க மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, வட்டத் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டேன். அவள் காட்டியபடியே மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை என்னையும் பார்க்கக் கூப்பிட்டாள். ராயகிரிப் பக்கம், அறுவடை முடிந்த வயல். மழை இல்லை, காற்று மட்டும். நான் வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரிடம் அவள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"பாராசூட் உச்சியில ஒரு ஓட்டை இருக்கு சார். காத்து அது வழியா போனாத்தான் நேரா இறங்கும். இல்லேன்னா ஊஞ்சல் மாதிரி ஆடி, சரிஞ்சு தரையில மோதிரும்."

நான் ட்ரோனைத் திரும்பிப் பார்த்தேன். பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கல்யாணத்தில்கூட நான் தரையைப் பார்த்துத்தான் பேசினேன். இங்கே இத்தனை சீருடைகள். ஆனாலும் கால் முன்னே போய்விட்டது.

"தாயி, அந்த ஓட்டைய நான் அடைச்சுட்டேன்."

"எதை அண்ணாச்சி?"

"உச்சியில உள்ளதை. குடைக்கு வைக்கிற மாதிரி..."

அவள் முகம் வெளுத்தது. "ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீங்க மறந்துட்டியன்னு நெனச்சேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "பறந்த பொறவு சொல்லாம இப்பவாவது சொன்னாரே. பிரிக்கச் சொல்லுங்க."

சட்டைப்பையில் எப்போதும் பிளேடு இருக்கும். வயல் வரப்பில் உட்கார்ந்து பிரித்தேன். என் இரட்டைத் தையலை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் திட்டியதில்லை. அவளே மறுபடி மடித்து உள்ளே வைத்தாள்.

எதிரியாக ஒரு பழைய ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். நம்முடையது விர்ரென்று ஏறி வலை வீசியது. பழையது சுருண்டு வயலில் விழுந்தது. அடுத்து பாராசூட் விரிந்தது. உச்சி ஓட்டை வழியாக வட்டமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. ஆடவே இல்லை. நேராக, மெதுவாக இறங்கி வரப்போரம் உட்கார்ந்தது. அவள் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"இன்னொரு தடவை பறக்கட்டும்" என்றார் அதிகாரி. அதே ட்ரோன் மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அடுத்ததுக்கும் நீங்கதான் தைக்கணும்" என்றாள் கிளம்பும்போது. "ஓட்டையப் பாத்தா மட்டும் வாயத் தொறந்து கேட்டுருங்க."

"கேக்கேன் தாயி."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நானாகவே பேச ஆரம்பித்தேன். ட்ரோனைப் பற்றி இல்லை, ஓட்டையைப் பற்றி மட்டும். தென்காசி வரும்வரை நிறுத்தவில்லை. இறங்கும்போது அவர் தன் குடையை நீட்டினார்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி. இதுல உள்ள ஓட்டைய அடைப்பியளா, மாட்டியளா?"