சுறாவுக்கு நாற்பது நிமிடம்

ரத்தம் கொட்டுகிற காயத்தில் காப்பித் தூளை அப்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் ஆகாது. திண்டிவனத்தில் ஏழு வருடம் ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து போகிற வேலை பார்த்தவன் நான். ரத்தம் எனக்குப் பழகிப் போனது. அதன் மேல் நம் ஜனங்கள் கொண்டுவந்து கொட்டுகிற சாமான்கள்தான் கடைசி வரை பழகவே இல்லை. மஞ்சள் தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, வண்டி கிரீஸ். பெருமுக்கல் பக்கத்தில் ஒருத்தர் மண்வெட்டி பட்ட காலில் ஒரு டியூப் பற்பசையை முழுக்கப் பிதுக்கி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். ஏன்யா இப்படி என்று கேட்டதற்கு, "எரிச்சலே இல்லீங்க, ஜில்லுனு இருக்குது" என்றார்.

ஸ்டிரெச்சர் தூக்கித் தூக்கி முதுகு போனது. வேலையை விட்டுவிட்டு முதலுதவி வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், அரிசி ஆலை, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற கம்பெனிகள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். முதல் வருடம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் புரிந்தது, என்னைக் கூப்பிடுகிற யாருக்கும் வகுப்பு தேவையில்லை, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் தேவை. கொஞ்ச நாளில் நானும் அவர்களைப் போலவே ஆகிவிட்டேன்.

கோட்டக்குப்பத்தைத் தாண்டிக் கடலோரத்தில் ஓர் அலைச்சறுக்குப் பள்ளி இருந்தது. பலகையின் மேல் ஏறி நின்று அலையோடு கரைக்குச் சறுக்கி வருவதைச் சொல்லிக் கொடுக்கிற இடம். அங்கே வேலை செய்கிற எட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பிரியாணி சாப்பிட்ட பிறகு வகுப்பு. எல்லோருக்கும் கண் சொருகியது. திரையில் காட்டுகிற படங்களில், இணையத்தில் எங்கேயோ எடுத்த ஒரு சுறாப் படமும் வைத்திருந்தேன். அதைப் போட்டதும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "சார், அது வந்தா இன்னா சார் பண்றது?" என்று கேட்டார் காவலர். விசில் ஊதி, குளிப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். முப்பது வயதிருக்கும், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

எனக்குக் குஷி வந்துவிட்டது. முதலில் எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிடு, விசிலை விடாமல் ஊது, கடலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வா, மாட்டிக்கொண்டால் மூக்கிலேயே ஒரு குத்து விடு என்று வாய் கிழியப் பேசினேன். நடித்தும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் கரையில் சுறா வந்து மனிதனைக் கடித்ததாக நான் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. அந்தக் கூத்துக்கு நாற்பது நிமிடம் போனது. அடுத்த படம், ரத்தம் கொட்டினால் துணியை வைத்து எப்படி அழுத்துவது என்பது. அதற்குள் பள்ளியின் முதலாளி எழுந்து, "டைம் ஆயிடுச்சி சார், போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். ஒருத்தர் கையில் இன்னொருத்தர் பேண்டேஜ் சுற்றுகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்தோம். சுற்றியவரும் சிரித்தார், சுற்றப்பட்டவரும் சிரித்தார். எட்டுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் என் மனைவி கடல் பார்க்க வேண்டும் என்றாள். வண்டியில் அதே கரைக்குத்தான் போனோம். நல்ல அலை. பத்துப் பேர் பலகைகளோடு தண்ணீரில் இருந்தார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி ஒரு கடையில் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தோம்.

"சுறா! சுறா!" என்று யாரோ கத்தினார்கள். கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கடலைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கடலைத்தான் பார்த்தேன். கையில் மீனோடு, சுறாவின் முதுகு தெரிகிறதா என்று பார்த்தேன். என் மனைவிதான் என் முதுகில் ஓங்கித் தட்டினாள். "ஏங்க, அங்க ஒரு பொண்ணு கெடக்குது. இங்க இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க?"

ஓடினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விலக்கிக்கொண்டு உள்ளே போனால், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஈர மணலில் கிடந்தாள். தொடையின் உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. டீக்கடைக்காரர் அதன் மேல் ஒரு டப்பா காப்பித் தூளைக் கவிழ்த்திருந்தார். ரத்தமும் தூளும் ஈர மணலும் குழைந்து சேறாகிக் கிடந்தது. அந்த வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் காப்பி குடிக்கவில்லை. ஒருத்தர் யாருடைய துப்பட்டாவையோ எடுத்து முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டிருந்தார், காயத்துக்கும் அந்தக் கட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு அம்மா அவள் வாயில் சோடாவை ஊற்றப் பார்த்தார். மற்றவர்கள் கைகளில் போன். ஒருத்தன் குனிந்து அவள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, "எந்தப் பக்கத்துலருந்து வந்துதும்மா?" என்று கேட்டான்.

"சுறா இல்ல, போர்டு" என்று அவள் சொன்னாள். அலைச்சறுக்குப் பலகையின் அடியில் மீனின் துடுப்பு போலக் கூரான ஒரு துண்டு பொருத்தியிருப்பார்கள். அலை பலகையைப் புரட்டியபோது அது தொடையைக் கிழித்திருக்கிறது. இரண்டு முறை சொன்னாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

காவலர் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். கடலைப் பார்த்தபடி விடாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இருந்த அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல், வரிசை மாறாமல் செய்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சார், நல்ல வேள வந்தீங்க. எல்லாத்தியும் வெளிய இட்டாந்துட்டேன். அடுத்தது இன்னா சார் பண்ணணும்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மண்டி போட்டு, "துணி குடுங்க, துணி!" என்று கத்தினேன். நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள், படம் எடுக்கிற கையை யாரும் இறக்கவில்லை. கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருத்தர்தான் தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடுத்தார். குவைத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே கம்பெனியில் மாதாமாதம் முதலுதவியைச் செய்து பார்க்க வைப்பார்களாம், பிறகு சொன்னார். நான் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உடம்புப் பாரம் மொத்தத்தையும் கையில் இறக்கினேன். அவள் வீல் என்று கத்தினாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், ஒரே ஒரு செகண்ட் துணிய எடுங்க சார். கடிச்ச எடம் தெரியல."

என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெரியவர் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். "ரத்தம் போய்க்கினே கீது, படம் கேக்குதா உனுக்கு? ஜல்தி தூக்குங்கப்பா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது. என் வண்டி நிக்குது." அவருடைய காரின் பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரை நான் கையை எடுக்கவில்லை. மனைவி எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வழியில் அந்தப் பெண் இரண்டு முறை கண்ணை மூடினாள். நான் அவளைப் பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், எதையாவது பேசச் சொல்லிக் கெஞ்சினேன். என் விரல்களுக்கு நடுவே சூடாக வந்துகொண்டே இருந்தது.

உயிர் பிழைத்தாள். காலும் தப்பியது. காயத்திலிருந்து காப்பித் தூளைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்று நர்ஸ் என்னைத் திட்டினார், நான்தான் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு. வாங்கிக்கொண்டேன். மதியத்துக்குள் 'கோட்டக்குப்பம் அருகே சுறா தாக்குதல்' என்று அவளுடைய வீடியோ எல்லோர் போனிலும் வந்துவிட்டது. பள்ளி முதலாளி என்னைப் போனில் கூப்பிட்டார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "சார், சுறான்னே இருக்கட்டும் சார். போர்டுன்னு சொன்னா நம்மளதான் புடிப்பாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் டிரெயினிங் எடுத்தவங்க, உங்க சர்டிபிகேட் சொவுத்துல தொங்குது. ஒண்ணும் பேஜார் இல்ல." போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் சான்றிதழைப் பற்றி அவர் சொன்னதில் எதைப் பொய் என்று நான் சொல்வது?

சாயந்திரம் அவளுடைய அப்பா வந்தார். கண்டாச்சிபுரம் பக்கம் வேர்க்கடலை விவசாயம். மல்லாட்டைக் காட்டில் இருந்தவர் செய்தி கேட்டு, போட்ட சட்டையோடு பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். நர்ஸ் என்னைக் காட்டியதும் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சட்டையிலும் நகத்திலும் ரத்தம் காய்ந்திருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீ மட்டும் இல்லன்னா எம் பொண்ண நான் உசுரோட பாத்திருக்க மாட்டேன் தம்பி. நான் வேணான்னுதான் சொன்னேன். அவதான் போன்ல போட்டோ காட்னா. பாருப்பா, எல்லாரும் டிரெயினிங் எடுத்தவங்க, சர்டிபிகேட் மாட்டி வெச்சிக்கினு கீறாங்கன்னா. அதப் பாத்துட்டுதான் போயிட்டு வாம்மான்னு அனுப்பினேன். இப்ப சொல்றா, அந்த ஆளுங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாங்களாம், ஒருத்தனும் தொடலியாம். அந்த சர்டிபிகேட் குடுத்தான் பாரு தம்பி, அவனெல்லாம் சோத்ததான் துன்றானா?"

என் மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த நன்றி என் மேல் ஒட்டிக்கொண்டு அருவருப்பாக இருந்தது, தாங்க முடியவில்லை.

"அது நான்தாங்க" என்றேன்.

"எது தம்பி?"

"சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டது. ரத்தம் வந்தா அழுத்தச் சொல்லித் தரல. சுறாவப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்."

உடனே அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு என் கையை விட்டார். தன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தார், ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். மகள் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.