உப்புச் சாக்கில் எட்டுக் குஞ்சுகள்

மரக்காணத்து உப்பளத்தில் முப்பது வருஷம் கால் வெந்த மனுஷன் பலராமன். அவரை நாலு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் மனைவி தையல்நாயகி. 2005 பங்குனியில் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அதன் பிறகு வீட்டில் அவருக்குத் துணை அவள் வளர்த்த பெட்டைக்கோழி ஒன்றுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் முழுகி, தை பிறக்கும்வரை வேலை இல்லை என்றாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒன்பது நாளாக அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு போனது. கூடையில் எட்டு முட்டைகள், தொட்டால் இன்னும் சூடு இருந்தது. இதுவும் போய்விட்டால் அவள் கைபட்டது என்று வீட்டில் உயிரோடு எதுவும் மிஞ்சாதே என்று பலராமனுக்குப் பயம் வந்துவிட்டது.

அட்டைப்பெட்டியில் தவிட்டைக் கொட்டி, முட்டைகளை அடுக்கி, மேலே அறுபது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டார். மூன்று வேளையும் புரட்டிப் போட்டார். தன் சோற்றை மறந்தாலும் அதை மறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எட்டும் பொரிந்தன. கீச்சுக் கீச்சென்று வீடு நிறைந்ததும் மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குளிருமே என்று குஞ்சுகளுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டார். உப்பளத்துக்காரர் வீட்டில் சாக்கு என்றால் உப்பு கட்டிய சாக்குதான். அதை உதறிப் போட்டுத்தான் அவர்களே படுப்பார்கள். யாருக்கு என்ன ஆகிவிட்டது? இரண்டாம் நாள் குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. கழிச்சல் கண்டது. குளிர்தான் என்று நினைத்து இன்னொரு சாக்கையும் போட்டார்.

மறுநாள் காலையில் ஐந்து விறைத்துக் கிடந்தன. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. மிஞ்சிய ஒன்று சாக்கின் மடிப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், மடிப்பு நெடுக உப்புக் கல். நொய் என்று நினைத்துத் தின்றிருக்கின்றன. முப்பது வருஷம் தனக்குச் சோறு போட்ட உப்பைத் தானே தின்னக் கொடுத்துக் கொன்றுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வைக்கோல் போட்டார். ஒற்றைக் குஞ்சு இரையைத் தொடாமல் கத்திக்கொண்டே இருந்தது. கையை உள்ளே வைத்தால் ஒட்டி உட்காரும், எடுத்தால் கத்தும். சவரக் கண்ணாடியைப் பெட்டியில் சாத்தி வைத்தார். அதில் தெரிந்ததைத் துணை என்று நம்பி அது அடங்கியது. அதைப் பார்த்ததும் பலராமனுக்கு என்னவோ போலாகிவிட்டது. வீட்டில் ஆள் இருக்கிறாற்போல இருக்கட்டும் என்று அவரும் ஏழெட்டு மாதமாக ரேடியோவை அணைக்காமல்தான் படுக்கிறார்.

அடுத்த தெரு சாலம்மாள் வீட்டுக் கோழி அதே வாரம் பொரித்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே போய், அடைந்துவிட்ட கோழியின் இறக்கைக்குள் குஞ்சைச் செருகினார். கோழி ஒரு தடவை உறுமிவிட்டு இறக்கையை அகட்டியது. கத்தல் நின்றது.

“ஒண்ணுதான் மிச்சம், அத நீங்களே வச்சிக்கக் கூடாதாண்ணா?” என்று சாலம்மாள் கேட்டாள்.

“ஒத்தையில கெடந்தா அது பொழைக்காதும்மா.”

அவள் உள்ளே போய், தன் புருஷனுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்துச் சோறு போட்டு, உட்காரச் சொன்னாள். வீட்டில் வேலை கிடக்கிறது என்றார் பலராமன். இந்த மழையில் உப்பளத்துக்காரருக்கு என்ன வேலை? குஞ்சுக்கு இடம் கேட்டு வந்த மனுஷன், தனக்கு வைத்த தட்டைப் பார்க்காமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.