சாலிஹ் பெயரில் கிடந்த பூட்டு

மர்சூக் காக்கா, எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் மாதிரி, பொல்லாத மனிசன். சவூதியில் கொம்பியூட்டர் வேலை செய்துவிட்டு எண்பத்தெட்டில் ஊர் திரும்பியவர், கல்முனையில் ஒரு மெஷினை வைத்து எங்களைப் போன்ற இளந்தாரிகளுக்குப் புரோகிராம் எழுதப் பழக்கினார். வாயைவிட அவருடைய கைதான் அதிகம் பேசும்.

அவர் முதலில் சொல்லித் தந்தது இதுதான். பைலில் நினைத்தபடி கை வைக்கக் கூடாது. co -l என்று அடித்து எடுத்தால் அந்த பைல் உன் பெயரில் பூட்டிக்கொள்ளும். மற்றவன் மாற்ற முடியாது. வேலை முடிந்து ci அடித்தால் புதிய பிரதி உள்ளே போகும், பழையதும் அழியாமல் கிடக்கும், பூட்டும் கழன்றுவிடும். இதை ஒருநாள் மறந்து நான் வாங்கிய அறையில் காது இரைந்தது.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு எடைக் கணக்குப் பார்க்கும் நிறுவைப் புரோகிராம் எழுதினோம். அறுவடைக்கு முன் கொடுக்க வேண்டும். பைலோ சாலிஹின் பெயரில் பூட்டிக் கிடந்தது. சாலிஹ், காக்காவின் தங்கை நதீராவின் புருஷன்.

"பூட்டக் கழட்டு மச்சான். நான் பாக்கன்," என்றார் காக்கா.

"இன்னும் சரிவரல்ல. நாளைக்குத் தாறன்."

காக்கா ஓங்கிக் குத்தினார். சாலிஹின் மூக்கு உடைந்து கீபோர்டில் இரத்தம் சொட்டியது. எழுந்து, மோட்டார் சைக்கிளில் சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் போனான். யுத்தம் நடந்த காலம். வழியில் ஆயுதக்காரர்கள் மறித்துச் சுட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. மையித்தாக அவன் உடல் வந்தபோது நெஞ்செல்லாம் ஓட்டை. மூக்கில் காய்ந்திருந்த இரத்தம் மட்டும் காக்காவின் கைவேலை.

அடிபட்டவன் தன் வாயால் மன்னித்துப் பொருத்தம் தராவிட்டால் அந்தக் குற்றம் மறுமையிலும் நிற்கும் என்பது எங்கள் நம்பிக்கை. புருஷனை இழந்து வீட்டோடு இத்தா இருந்த தங்கையிடம் போய் நின்றார் காக்கா.

"அடிச்சது அவர, காக்கா. என்னட்ட என்னத்துக்குப் பொருத்தம் கேக்கீங்க?" என்றாள் நதீரா.

அறுவடை நெருங்கியது. வேறு வழியில்லாமல், செத்தவன் பெயரில் கிடந்த பூட்டை உடைக்க நான் உட்கார்ந்தேன். காக்கா கதிரையைத் தூக்கி என் முதுகில் அடித்தார்.

"மவுத்தானவன்ட பேரில கை வைக்காத!"

எனக்கும் வெறி ஏறிவிட்டது. பிடித்துத் தள்ளினேன். சுவரில் மோதி அவர் நெற்றி பிளந்தது.

"அப்ப நீங்களே உடைங்க!" என்று கத்தினேன்.

இரத்தத்தைத் துடைக்காமலே வந்து உட்கார்ந்து கட்டளையை அடித்தார். பூட்டை ஏன் உடைக்கிறாய், காரணம் எழுது என்று மெஷின் கேட்டது. எழுதுவது மெஷினுக்குள்ளேயே பூட்டியவருக்குத் தபாலாகப் போகும். அது யாரிடமும் கேட்கிற கேள்விதான். காக்கா ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

'மச்சான், பொருந்திக்க.'

முடிக்கத் தனியே ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்தார். பூட்டு கழன்றது. பைலை அவர் தொடவில்லை. மெஷினில் சாலிஹின் தபால்பெட்டியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய கடிதம் ஒன்று, இன்னும் வாசிக்கப்படவில்லை.