மட்காட்டில் அப்பிய மண்

பூவனலிங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தோமா, மனைவி கல்யாணசுந்தரி நீட்டுகிற காப்பியைக் குடித்துவிட்டுக் காலை நீட்டினோமா என்று இருக்கிற ஜென்மம் இல்லை. வீட்டை ஒட்டிய தகரச் சாய்ப்பில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். மிக்ஸி ரிப்பேருக்கு வரும். சரியாகிப் போன பிறகும் மூன்று ஸ்க்ரூ அவனிடம் மிச்சமிருக்கும். "அது இல்லாமலே ஓடுது பாத்தியா?" என்று பெண்டாட்டியிடம் அதற்கும் ஒரு பீற்றல்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை அவன் கையில் அகப்பட்டது. நடுப்பக்கத்தில் ஒரு வண்டியின் படம். பார்த்தால் சைக்கிள்தான். ஆனால் நடுவில் ஒரு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பாருக்குக் கீழே உருளையாக ஒரு டேங்க், பின்பக்கமாக வளைந்து வந்த ஹேண்டில்பார், முன்னால் உருண்டையாக ஒரு விளக்கு, டயரோடு ஒட்டிக்கொண்டு பாதிச் சக்கரத்தை மூடிய மட்காடு. எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய மாடல். பூவனலிங்கம் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு.

கனமான பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். காயலான் கடையில் கிடந்த மொபெட் இன்ஜினைக் கழற்றி வந்து சுத்தம் பண்ணினான். பருத்திக்கு மருந்தடிக்கும் பழைய பித்தளைத் தெளிப்பானை வெட்டி, தகட்டை உருட்டிப் பற்றவைத்து டேங்க் செய்தான். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு மாவு மில் பெல்ட். முதல் வண்டி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நன்றாகத்தான் போனது. வரும்போது பூவனலிங்கம்தான் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். இன்ஜின் ஆடிய ஆட்டத்தில் பிரேம் விரிசல் விட்டிருந்தது. கம்பியைத் தடித்ததாகப் போட்டான், இன்ஜினுக்கு அடியில் ரப்பர் கொடுத்தான், பின்சக்கர ஸ்போக்குகளை மாற்றினான். எட்டு மாதம் மல்லுக்கட்டி, படத்தில் இருந்த மாதிரியே ஒரு வண்டியை நிறுத்திவிட்டான். டேங்கைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். தெருவே வந்து பார்த்தது.

அதை விலைக்குக் கேட்டு வந்தவன் கொம்பையா. நாகலாபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். இப்போது கொஞ்சம் விவசாயமும் உண்டு. ராத்திரி ஆடுகளை அடைக்கிற கிடை எந்தப் புஞ்சையில் கிடந்தாலும் தினமும் வீட்டுக்கும் அங்கேயுமாக அலைய வேண்டும். சனிக்கிழமையானால் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. மிதித்து மிதித்து அவனுக்கு மூட்டு தேய்ந்துவிட்டதாம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்சக்கரத்துப் பக்கம் குந்தி, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். விரல் போகவில்லை.

"அண்ணாச்சி, மழைக்கு இந்த மட்காடக் கழத்திக்கிடலாம்லா?"

கரிசல்காட்டுக்காரன் எவனும் கேட்கிற கேள்விதான். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அந்த மண் பசையாகிவிடும். நாலடி போவதற்குள் மட்காட்டுக்குள் அப்பிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்னாடியே ஊரில் எல்லாரும் சைக்கிளிலிருந்து மட்காட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். பூவனலிங்கம் மட்டும் என்ன, சீமையிலிருந்து வந்தவனா? அவனும் அப்படிக் கழற்றிப் போட்டு வளர்ந்தவன்தான். ஆனால் இந்த வண்டியில் முன்விளக்கையே அவன் மட்காட்டின்மேல் ரிவிட் அடித்து வைத்திருந்தான். கழற்ற வராது. இடைவெளி விட்டுத் தூக்கி வைத்தால் படத்தில் இருந்த அந்த அழகு போய்விடும்.

"இது என்ன மிதிவண்டியா கொம்பையா? இன்ஜின் இழுக்குத இழுப்புல சேறெல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிரும்."

கொம்பையா நம்பி வண்டியை வாங்கிக்கொண்டு போனான். வண்டி செய்தவனே சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வான்?

அது சித்திரை. ஐப்பசி வரைக்கும் வண்டி ஜோராக ஓடியது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, சந்தையிலிருந்து திரும்பும்போது கொம்பையா தார் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கினான். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. மிதிக்கிற சைக்கிளாக இருந்தால் மண் அப்ப ஆரம்பித்ததுமே மிதி கனக்கும். கால் சொல்லிவிடும், இறங்கிக் குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் போகலாம். இன்ஜினுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. முன்சக்கரம் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ள, வண்டி குப்புறக் கவிழ்ந்து அவன் மேலேயே விழுந்தது. வலது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

சேதி கேட்டதும் பூவனலிங்கம் அன்று ராத்திரியே ஒரு மினி லாரி பிடித்துப் போய் வண்டியை ஏற்றி வந்தான். சாய்ப்பில் இறக்கிய பிறகுதான் முன்சக்கரத்தைப் பார்த்தான். கறுப்பு மண் கெட்டித்துப் போய் டயரும் மட்காடும் ஒன்றாக நின்றன. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பற்றி அந்த நேரத்தில் அவனுக்கு நினைப்பு வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களே என்றுதான் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உளியை எடுத்துக் கட்டி கட்டியாகச் செதுக்கினான். பெயர்த்த மண்ணைச் சாக்கில் அள்ளிக் கொல்லையில் கொட்டினான். சக்கரத்தைத் தட்டிவிட்டதும் அது ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றியது.

டீக்கடையில் கேட்டார்கள். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. பிரேக்கு, பெல்ட்டு எல்லாம் அப்படியே இருக்கு" என்றான்.

"அப்போ சந்தையில ஊத்திக்கிட்டு வந்திருப்பான்" என்றார் ஒருவர். பூவனலிங்கம் அதை மறுக்காமல் மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்தான்.

பதினைந்து நாள் கழித்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு கொம்பையாவைப் பார்க்கப் போனான். கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தவன் இவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. ஆசையாச் செஞ்ச வண்டிய இப்படிப் போட்டு ஒடைச்சுட்டேன். எப்படி விழுந்தேன்னே தெரியல."

பூவனலிங்கம் பழப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். அந்த நேரம் கொம்பையாவின் மனைவி காளீஸ்வரி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, குடிங்க என்று ஒரு சொல் சொல்லவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பேச மாட்டேங்குதா அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு முந்தி மக மாரிசெல்வி காய்ச்சல்ல கெடந்தப்ப, அந்தப் பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணி விட்டேன் குடிய. சத்தியமா இன்னைக்கு வரைக்கும் தொடல. பிள்ள தலையில பண்ணுன சத்தியத்த மீறிட்டேன்னு நெனைக்கா. வண்டி செஞ்சவரே டீக்கடையில கோளாறு இல்லைன்னுட்டாருன்னு சந்தையில கேட்டுட்டு வந்து சொல்லுதா." கொம்பையா அவன் கையைப் பிடித்தான். "நீங்களாவது நம்புதியளா?"

"நம்புதேன்."

"அப்போ அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா கேப்பா."

"சொல்லுதேன், சொல்லுதேன்" என்று எழுந்தவன், ஆடு நின்ற பக்கம் தலையைத் திருப்பாமல் பஸ் ஏறிவிட்டான். கோழை. வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "தட்டுல கைய வச்சுக்கிட்டு எங்கன பாக்கிய?" என்பாள் கல்யாணசுந்தரி. ஆனால் கை மட்டும் நிற்கவில்லை. கடலைமிட்டாய்க் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சி ஆசைப்பட்டு ஒரு வண்டி கேட்டிருந்தார். அதில் விளக்கைத் தனித் தாங்கியில் வைத்தான். மட்காட்டை மூன்று விரல் உயர்த்தி, இரண்டே போல்ட்டில் கழற்றுகிற மாதிரி செய்தான். வேலை செய்யச் செய்ய அந்த மூன்று விரல் இடைவெளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி மாதம் வன்னியபெருமாள் வண்டியை எடுக்க வந்தார். முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா எடம் விட்டிருக்கீரே. கொம்பையா வண்டிக்கும் இப்படித்தான விட்டிருந்தீரு?"

"ஆமா அண்ணாச்சி."

யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு தயாராக வாயில் இருந்தது. அவர் வண்டியை முடுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பூவனலிங்கம் அங்கேயே நின்றான். இன்னும் கொஞ்ச நாள் போனால் தானே அதை நம்பிவிடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினான்.

காளீஸ்வரி வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டிக்கு இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் அலைந்து கறுத்திருந்தாள். உள்ளே கொம்பையா கட்டிலில் இருப்பது தெரிந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் கால் கோணலாகத்தான் கூடியிருந்தது. இனி ஆட்டுக்குப் பின்னால் நடக்கிற கால் இல்லை அது.

பூவனலிங்கம் நின்றபடியே சொன்னான். மட்காடு கழற்ற வராததைச் சொன்னான். கொம்பையா கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு மண்ணைச் செதுக்கியதையும் சொன்னான்.

"அவர் குடிக்கலம்மா. வண்டிதான் கோளாறு. நான் செஞ்ச கோளாறு. காலுக்கு என்ன வைத்தியம் வேணும்னாலும் நான் பாக்குதேன்."

காளீஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவன் வந்திருந்தான். அவள் சத்தமே போடவில்லை.

"நாலு மாசமா அந்த மனுசன் மொகத்த நான் ஏறெடுத்துப் பாக்கல. ராத்திரியெல்லாம் வலியில மொனங்குவாரு. கேட்டுக்கிட்டே திரும்பிப் படுத்துக்கிடுவேன். பிள்ளையையும் கிட்டப் போகவிடல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "காலுக்கு வைத்தியம் பாப்பிய. இதுக்கு என்ன பாப்பிய அண்ணாச்சி?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போனாள். பிறகு அவள் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

"கஞ்சி ஊத்தவா?"

கொம்பையா விசும்பினான், சின்னப் பிள்ளை மாதிரி. வாசலில் நின்ற பூவனலிங்கத்துக்குப் போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை.