டைம் கீப்பர் ஜெபசிங் போட்ட ஏரிச் சுற்று

பெபியின் இடது கையில் புருஷனின் பாதம் இருந்தது, வலது கையில் இடுக்கி. சுண்டு விரலுக்கு அடியில் இருந்த புண்ணுக்குள் முந்தின நாள் வைத்த கட்டுத்துணியை உப்புநீரில் நனைத்து, மெல்ல உருவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஜெபசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாடி அது, கொழம்பு மாதிரி மோந்து பார்த்துகினு?"

"நாத்தம் வந்துச்சுன்னா விரல் போச்சு. இன்னிக்கி வரல. ஒரு மாசம் இந்தக் காலைத் தரையில ஊனாம இருந்தா ஆறிடும்."

"எனக்கு வலிக்கவே இல்லியே."

"அதாங்க வியாதியே."

பெபி மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். திருத்தணியில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பலரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுத்தான் வாழ்க்கையை ஓட்டினாள். அவர்களில் முரடர்கள்கூட அவள் பேச்சைக் கேட்டார்கள். ஜெபசிங் மட்டும் கேட்கவில்லை. அவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். மற்றவர்களை ஓடவிட்டுத் தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தே பணிக்காலத்தை முடித்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தனக்குக் கால் என்று ஒன்று இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் சர்க்கரை அந்தக் காலைத் தின்னத் தொடங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் பெபியின் தம்பி காலேப், மகனைப் பார்க்க இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பி வந்தான். கே.ஜி.கண்டிகையில் இருந்த அக்கா வீட்டில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒரு ஏரி, அதன் முன்னால் காலேப். ஒரு காடு, அதன் முன்னால் காலேப். ஒரு வயல், அங்கேயும் மழைச்சட்டை போட்ட காலேப்.

"ரவுண்டா ஒரு நடை போட்டு வச்சிருக்கான் பாவா. அம்புக்குறி பார்த்துகினே போனா, கெளம்புன எடத்துலயே கொண்டாந்து வுட்டுடும். நீங்கல்லாம் பார்த்தா அசந்துருவீங்க."

அந்த 'நீங்கல்லாம்' ஜெபசிங்குக்கு முள்ளாய்க் குத்தியது.

"இன்னா பெரிய ஏரி. நம்ம ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போச்சுன்னா கடல் மாதிரி இருக்கும். காடு இல்லியா நம்மகிட்ட? வயல் இல்லியா?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தே விட்டார். குடியரசு தினத்தன்று சர்ச் வாசலில் கிளம்பி, ஏரிக்கரை, தைலமரத் தோப்பு, காப்புக்காட்டு ஓரம், வேர்க்கடலைக் கொல்லை, மாந்தோப்பு வழியாகத் திரும்ப சர்ச் வாசல். தலைமை, டைம் கீப்பர் ஜெபசிங். குவாரியில் கழித்துப் போட்ட கற்களை வாங்கி, வெள்ளையடித்து, சிவப்பில் அம்பு போட்டு, கூலிக்கு ஆள் வைத்து வழி நெடுக நட்டார். நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. டெப்போவில் ரூட் போடும்போது யாரும் நிலத்துக்காரனைக் கேட்டதில்லையே.

பெபி சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சாப்பாட்டில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில், வேர்க்கடலைக் கொல்லைக்காரர் எல்லப்பன் வீட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"நர்சம்மா, என் கொல்லில வெள்ளைக் கல்லு நட்டுக் கெடக்குதே, இன்னா கல்லு அது?"

பெபி ஒரு நொடி யோசித்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் சுண்டு விரல் நின்றது.

"எனக்கு இன்னாங்க தெரியும். பெரிய ரோட்டுக்கு நெலம் எடுக்கச்சே இப்பிடித்தான் வெள்ளையடிச்சு நடுவாங்கன்னு சொல்றாங்க."

எல்லப்பன் கொல்லைப் பக்கம் வேகமாகத் திரும்பி நடந்தார். பெபிக்குத் திருப்தி. கற்களெல்லாம் ஏரிக்குள் போய்விடும், கல் இல்லாமல் நடை இல்லை, விரல் தப்பித்தது. நோயாளிக்குத் தெரியாமல் மாத்திரையைக் கஞ்சியில் கலந்து கொடுத்த மாதிரிதான் அவள் அதை நினைத்தாள்.

ஆனால் நிலம் வைத்திருப்பவன் அவ்வளவு முட்டாள் இல்லை. சர்க்கார் கல்லைப் பிடுங்கி எறிந்தால் கேஸ் வரும். அதையே வரப்புக்கு அந்தப் பக்கம் நட்டு வைத்தால் ரோடு பக்கத்து ஆளுக்குப் போகும். எல்லப்பன் தன் கல்லைக் கௌரியம்மாளின் நிலத்தில் நட்டார், அம்பு தன் பக்கம் பார்க்காதபடி. கௌரியம்மாள் அதை மாந்தோப்புக்குத் தள்ளினாள். மாந்தோப்புக்காரர் கரைக்கு அனுப்பினார். எல்லாரும் பொறுப்பானவர்கள், ஒரு கல்கூடச் சாயவில்லை.

குடியரசு தினத்தன்று காலையில், புதுக் கான்வாஸ் ஷூவுக்குள் கட்டுப் போட்ட காலைத் திணித்துக்கொண்டு ஜெபசிங் கிளம்பினார். பின்னால் காலேப், சென்னையிலிருந்து வந்த அவனுடைய நண்பர்கள், சர்ச் ஆட்கள். கடைசியில் கட்டுத்துணிப் பையோடு பெபி. கரை ஏறியதும் அவள் பார்த்தாள். கற்கள் ஜம்மென்று நின்றன.

முதலில் ஏரி வலப்பக்கம் இருந்தது. தோப்பைத் தாண்டியதும் இடப்பக்கம் வந்தது. காட்டோரம் கொஞ்சம் நடந்தபின் மறுபடி வலப்பக்கம் வந்தது. திருத்தணிக் கோயில் மலை எதிரே தெரிந்தது, பிறகு முதுகுக்குப் பின்னால் போனது, பிறகு மறுபடி எதிரே வந்தது.

"பாவா, இந்த மதகை முன்னாடியே பார்த்தோமே," என்றான் காலேப்.

"அது வேற மதகு."

களை எடுத்துக்கொண்டிருந்த கௌரியம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா நைனா, ரெண்டாம் தபா வரீங்க. நெலம் அளக்கறீங்களா?"

"இல்லம்மா, நடக்கறோம்," என்றார் ஜெபசிங்.

"எங்க?"

"கெளம்புன எடத்துக்கே."

"அப்ப எதுக்குக் கெளம்புனீங்க?"

சென்னை நண்பர்கள் சிரித்தார்கள். காலேப் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான், அதுதான் ஜெபசிங்குக்கு அதிகம் எரிந்தது. நடையை வேகமாக்கினார்.

ஷூவின் ஓரத்தில் ஈரம் படர்ந்திருப்பதைப் பெபி பார்த்தாள். ஏரித் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது. முன்னால் போய்க் குறுக்கே நின்றாள்.

"நில்லுங்க. கல்லெல்லாம் எடம் மாறிக் கெடக்குது. ரோட்டுக் கல்லுன்னு எல்லப்பன்கிட்ட சொன்னது நான்தான். மலையப் பார்த்து நேரா நடந்தா ஊர் வந்துடும், இல்லன்னா உக்காருங்க, வண்டி கொண்டாறேன்."

எல்லார் எதிரிலும் சொன்னாள். வாழ்நாளில் அவள் பட்ட பெரிய வெட்கம் அதுதான். அது வீணாய்ப் போனது.

"தம்பி முன்னால நான் தோக்கணும்னு கதை கட்றியா?" என்றார் ஜெபசிங். "ரூட் பார்க்கறதே என் பொழப்பு. கல்லு பொய் சொல்லாது. தள்ளு."

இன்னொரு சுற்று நடந்தார். காலில் வலி இருந்திருந்தால் நின்றிருப்பார். வலி எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

எல்லப்பன் நிலமும் கௌரியம்மாள் நிலமும் சேரும் வரப்பில்தான் அவர் நின்றார். அங்கே இரண்டு கற்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஒன்றின் அம்பு மற்றதைக் காட்டியது, அது இதைக் காட்டியது. இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டு, ஜெபசிங் வரப்பில் உட்கார்ந்தார்.

பெபி ஷூவைக் கழற்றினாள். இந்த முறை மோந்து பார்க்கக் குனிய வேண்டியிருக்கவில்லை. சென்னை நண்பர்கள் இரண்டடி தள்ளி நின்று மாமரங்களைப் பாராட்டினார்கள். எல்லப்பன் டிராக்டர் கொண்டுவந்தார். ஏறும்போது பெபியின் காதருகே, "அப்ப ரோடு வர்லியா நர்சம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் நிம்மதி பாதி, கௌரியம்மாளுக்கு வராமல் போய்விட்ட வருத்தம் பாதி.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்தார்கள், பக்கத்து விரலையும் சேர்த்து. பெபிதான் கையெழுத்துப் போட்டாள். ஜெபசிங் மயக்கம் தெளிந்து, காலேப் ஊருக்குப் போய்விட்டானா என்று முதலில் கேட்டார். போய்விட்டான் என்றாள். பிறகு அவருடைய இன்னொரு காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரல் இடுக்காக விரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.