நான் பார்க்காத இரண்டாம் பாதிகள்

நோர்வேயின் முதற்பிரிவு உதைபந்தாட்டத்தில் ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டங்கள். எனது ஒன்பதாவது வயதில் அவற்றில் பெரும்பாலானவற்றை நான் பாதிதான் பார்த்தேன். முதல் பாதிக்குச் சோபாவில் இடம் உண்டு. இரண்டாம் பாதி தொடங்கியதும் என்னைக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் இருத்திவிடுவார்கள். இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் நோர்வேயிலிருந்த பெரியப்பாவின் மகன். வடக்கே ஒரு கடலோர நகரத்தின் அணி அந்த அண்ணாவை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. முதற்பிரிவில் எங்கள் பிள்ளை என்றதும் கடலுக்கு இந்தப் பக்கம் லாசாலில் எங்கள் வீடு திருவிழாக் கோலம் பூண்டது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அப்பா, யாரையோ கெஞ்சி ஞாயிற்றுக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டார். அப்பாவின் அக்காவான மாமி, கோட்-டெ-நெய்ஜிலிருந்து இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்கே வந்து இறங்கிவிடுவார். அங்கே மாலை ஐந்து மணி ஆட்டம், இங்கே காலை பதினொன்று. அம்மா ஒரு சட்டி றோல்ஸ் பொரிப்பார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, அண்ணா களத்தோர வாங்கில் இருப்பதைப் பார்ப்போம்.

ஆம், இருப்பதைத்தான். மாற்று ஆட்டக்காரர்களோடு, காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருப்பார். கமெரா தப்பித்தவறி அந்தப் பக்கம் திரும்பினால் மாமி “அந்தா, அந்தா!” என்று எழும்புவார். நாங்கள் நிமிர்வதற்குள் அது பந்துக்குப் பின்னால் போய்விடும். வருடம் முடிவதற்குள் ஒரு தடவையாவது களத்தில் இறங்கித் தன்னைக் காட்டாவிட்டால் அணி அவரை விட்டுவிடும் என்று பெரியப்பா போனில் சொன்னதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் மிக்சர்கூட இறங்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் பால் முடிந்துவிட்டது. அம்மா என்னைக் கீழே தெப்பனர் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது மாமி வாசலில் நின்றார்.

“நீ வெளிய போன உடன அவன் எழும்பிட்டானடி! கோட்டோரமா ஓடுறான்!”

அடுத்த வாரம் சோதித்துப் பார்ப்பதற்கென்றே என்னை வெளியே அனுப்பினார்கள். அண்ணா மறுபடியும் எழும்பி ஓடினார். அத்தோடு என் கதை முடிந்தது.

“இவளின்ர முழிவியளம் சரியில்லை. இவள் உள்ளுக்க இருந்தா அவன் இறங்கமாட்டான்” என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் எழும்பி உடம்பைச் சூடாக்க ஓடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாமி ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

அம்மாவிடம் அழுதேன். “கொஞ்ச நேரந்தானே” என்று கையில் இரண்டு றோல்ஸைத் திணித்தார். அப்பாவிடம் போனேன். அவர் மாமியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாத மனிதர். மாமியைவிட அவர் மீதுதான் எனக்கு ஆத்திரம். மேல்மாடிக் கிழவி படியிறங்கும்போதெல்லாம், என்ன குற்றம் செய்தாய் என்று பிரெஞ்சில் பரிதாபமாகக் கேட்பாள். உதைபந்தாட்டம் என்பேன். வேறென்ன சொல்வது?

வசந்தம் போய், கோடை போய், கடைசி ஆட்டம் வந்தபோது லாசாலில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அண்ணா இன்னும் ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை. இடைவேளை முடிந்ததும் எவரும் சொல்லாமலே எழுந்து போய்ப் படியில் இருந்தேன். நெடுநேரம் கழித்து உள்ளே மாமியின் குரல் வெடித்தது.

“கூப்பிட்டிட்டாங்கள்! சட்டையைக் கழட்டுறான்! இறங்கப்போறான்!”

நான் கதவுக்குப் பாய்ந்தேன். அதே நேரம் கதவு திறந்து அப்பா கைபேசியோடு வெளியே வந்தார். வந்தவர் கதவைச் சாத்தி, கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, ஒருக்காப் பாக்க விடுங்கோ.”

“பேந்து பாப்பம், பிள்ளை.”

“நீங்களும் பாக்கேல்லையே!”

நான் கதவில் உதைத்தேன், அவர் கையைக் கிள்ளினேன். உள்ளே மாமி கைதட்டிக் கூவுவது கேட்டது. பிறகு ஒரேயடியாக அமைதி. பிறகு “ஐயோ!” என்ற அலறல். அதற்குப் பிறகுதான் அப்பா கைபிடியை விட்டார்.

நான் நுழைந்தபோது அண்ணாவைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். இறங்கி ஒரு நிமிடம் ஓடியிருப்பார், முழங்கால் திரும்பி விழுந்துவிட்டார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

“இவள் எங்க நிண்டவள்? உள்ளுக்கு வந்தவளோ?”

“இல்லை அக்கா. முழுக்க என்னோட வெளியிலதான் நிண்டவள்” என்றார் அப்பா. அவர் மாமிக்கு அவ்வளவு சத்தமாகப் பதில் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமி என்னை விட்டுவிட்டு, பயிற்சியாளரைத் திட்டத் தொடங்கினார்.

அணி அண்ணாவை விட்டுவிட்டது. இப்போது அவர் அங்கே மின்சார வேலை செய்கிறார்.

போன மாதம் என் வீட்டில் கணினியில் ஏதோ ஓர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் விழுந்த செய்தி கைபேசியில் வந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் படத்தில் கோல் விழுந்தது. கையில் தேநீரோடு அப்படியே இருந்துவிட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கும் ஏதோவொரு ஓசித் தளத்திலிருந்துதான் தொலைக்காட்சிக்குப் படம் வந்தது, அதுவும் பிந்தித்தான். பெரியப்பா நோர்வே மைதானத்தில் நின்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

திரையில் அண்ணா சட்டையைக் கழற்றியபோதே, அவர் விழுந்துவிட்டதை அப்பா வாசித்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் உள்ளே கால் வைத்திருந்தால், அந்த முழங்காலை மாமி வாழ்நாள் முழுக்க என் தலையில் கட்டியிருப்பார். நானும் நம்பியிருப்பேன்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அவரும் ஏனென்று கேட்கவில்லை.