பி.டி. சார் மேடையில் கேட்ட பரிசு

இன்று பள்ளி விருது விழாவில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்தில் என் தோழி செல்வி, அடுத்து செல்வியின் டிபன் கூடை (அதற்கும் ஒரு நாற்காலி!).

மேடை ஓரமாகப் பரிசு வாங்கக் காத்திருந்தவர்கள்: என் மகள் ஜோவிட்டா, செல்வியின் மகள் கீர்த்தனா. இரண்டு பேரும் டென்த் பி.

(வீட்டுக் கணக்கு எழுதுகிறவள், ஒருத்தரையும் விட மாட்டேன்!)

ஜோவிட்டாவுக்குக் கணக்கில் முதல் பரிசு!!

கீர்த்தனாவுக்குச் சிறந்த விளையாட்டு வீராங்கனை கோப்பை! த்ரோபால் டீம் கேப்டன் ஆயிற்றே!

செல்வி எழுந்து நின்று விசிலே அடித்துவிட்டாள்.

"யக்கா, பாத்தியாக்கா! இம்மாம் பெரிய கப்பு!"

"பாத்தேன் செல்வி, பாத்தேன். உக்காரு, பின்னாடி மறைக்குதுன்னு திட்டுறாங்க."

"திட்னா திட்டட்டும்க்கா. அவங்க வூட்ல கப்பு கீதா?"

அடுத்ததுதான் முக்கியமான விருது. சிறந்த ஆசிரியர் யார் என்று இந்த வருடம் முதல் முறையாக மாணவர்களே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

கணக்கு விமலா மிஸ்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். மகளுடைய பழைய புத்தகங்களை வைத்து நானாகக் கணக்குப் போட்டுப் பழகினவள். கணக்கு மிஸ் என்றால் எனக்குத் தனி மரியாதை.

சிஸ்டர் (எங்கள் தலைமை ஆசிரியை) கவரைப் பிரிப்பதற்குள் ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடித்தேன்.

"மாணவர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த ஆசிரியர்... தயாளன் சார்!"

யாரு? பி.டி. சாரா?

ஹாலே அதிர்ந்தது!

அவர் அப்போது கடைசி வரிசையில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் விசிலோடு அப்படியே மேடைக்கு ஓடினார். ('அட்டென்ஷன்', 'லைன்ல நில்லு' இரண்டையும் தவிர அவர் வாயிலிருந்து நான் எதையும் கேட்டதே இல்லை!)

சிஸ்டர் சால்வையை விரித்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சால்வை இருக்கட்டும் சிஸ்டர். தப்பா நெனைக்கலன்னா, என் பீரியடைத் திருப்பிக் குடுங்க."

பிள்ளைகள் போட்ட கூச்சல் கடற்கரை வரை கேட்டிருக்கும்!

பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வது எந்தப் பள்ளியில்தான் இல்லை? அதுவும் பத்தாம் வகுப்பென்றால் கேட்கவே வேண்டாம்.

முன் வரிசையிலிருந்து விமலா மிஸ் எழுந்தார்.

"நான் என்ன சார், புடுங்கிக்கிட்டேனா? உங்களைக் கேட்டுத்தான வாங்குனேன்!"

"கேட்டீங்க மிஸ். 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார்'னு ஜூன் மாசத்துலேர்ந்து கேக்குறீங்க!"

மிஸ்ஸே சிரித்துவிட்டார். ஆனால் சார் சிரிக்கவில்லை.

"கீர்த்தனா இப்ப கப்பு வாங்குனா. அடுத்து மண்டலப் போட்டி வருது. ஸ்கூல் விட்டதும் அவ பெரும்பாக்கம் பஸ்ஸுக்கு ஓடணும், சாயங்காலம் பிராக்டிஸுக்கு நிக்க முடியாது. அவ பந்தைத் தொடுறதே வாரத்துல அந்த ரெண்டு பி.டி. பீரியட்லதான். அதையும் எடுத்துட்டா நான் எந்த டீமைக் கூட்டிட்டுப் போறது?"

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றோரம் குடியிருந்தவரை கீர்த்தனா பள்ளிக்கு நடந்தே வருவாள். ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசாங்கம் வீடு கொடுத்து அனுப்பிய பிறகும் செல்வி அவளைப் பள்ளி மாற்றவில்லை.

"பஸ்ல தூங்கிக்கினேதான்க்கா வரும். பந்தப் பாத்தாத்தான் அதுக்கு முழிப்பே," என்றாள் மெதுவாக.

விமலா மிஸ்ஸும் விடுகிற ஆள் இல்லை.

"சரி சார், நாளைக்கு மார்க் குறைஞ்சா பேரன்ட்ஸ் உங்களையா கேப்பாங்க? என்னைத்தான கேப்பாங்க!"

நியாயம்தானே? நானே போய்க் கேட்பேன்!

சிஸ்டர் மைக்கை வாங்கினார்.

"டென்த் பி பெற்றோரே முடிவு பண்ணட்டும். சரின்னா, திங்கள்லேர்ந்து ரெண்டு பீரியடும் சாருக்கு. யாரும் கேட்டு வாங்கக் கூடாது. ஜோவிட்டா அம்மா எங்க? நீங்கதான பேரன்ட்ஸ் ரெப்? எல்லாரையும் கேட்டு நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எனக்குச் சொல்லிடுங்க."

மாதாவே! மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்த்தது!

வெளியே வந்ததும் ஜோவிட்டாவைப் பிடித்தேன்.

"நீ யாருக்குடி ஓட்டுப் போட்ட?"

"பி.டி. சாருக்கு."

"கையில கணக்குப் பரிசை வச்சிக்கிட்டா சொல்ற?"

"விமலா மிஸ்ஸையும் பிடிக்கும்மா. ஆனா நாள் பூரா அதே பெஞ்ச். கடைசி பீரியட்ல மிஸ் என்ன நடத்துனாலும் மண்டையில ஏறாது. வெளையாடிட்டு வந்து உக்காந்தா ஏறும்."

"உங்கம்மா கணக்குக்குத்தான் கை தூக்குவா, பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா வாங்க!"

கேட்டுக்குப் பக்கத்தில் விமலா மிஸ்ஸும் தயாளன் சாரும் நின்றிருந்தார்கள்.

"கங்கிராட்ஸ் சார். அப்புறம்... திங்கக்கிழமை மட்டும்..."

"மிஸ்!!"

(நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்துவிடுவேன்!)

பஸ் ஏறும்போது செல்வி சொன்னாள்: "குரூப்ல நீயே எழுதுக்கா. எனுக்கு அப்டி நீட்டா எழுத வராது."

ஜன்னல் சீட்டில் கீர்த்தனா, மடியில் கோப்பை. பஸ் நகர்வதற்குள் கண்ணை மூடிவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டேதான் முடிவு செய்தேன். கணக்கு எனக்கு உயிர். ஆனால் கணக்கை வீட்டில் உட்கார்ந்தும் போடலாம், நான் போட்டேனே! த்ரோபாலை பஸ்ஸில் விளையாட முடியாது.

என் பதில்: சரி.

செல்வியின் பதில்: சரி.

டென்த் பி வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற எல்லாரிடமிருந்தும் இதுவரை வந்திருப்பது ப்ளூ டிக் மட்டும்தான்!

உங்களில் பாதிப் பேர் இந்தப் பதிவையும் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். டென்த் பி பெற்றோர்களே, 'சரி' அல்லது 'வேண்டாம்', ஒரே ஒரு சொல் போதும். நாளைக் காலைப் பூசைக்கு நான் கிளம்புவதற்குள் பதில் போட்டுவிடுங்கள்.